பெட்டி ஒருத்தரிடம், சாவி வேறொருத்தரிடம்

காலை ஐந்தரை மணிக்குத் துப்புரவுப் பணியாளர்களின் மஸ்டர், அதாவது வருகைப் பதிவு. 2020 ஜூன் மாதம். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். நகராட்சியா பேரூராட்சியா என்பதும் வேண்டாம். எழுத வசதியாக நகராட்சி என்றே வைத்துக்கொள்கிறேன். மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் மேஸ்திரி இரண்டு நோட்டுகளைத் திறந்து வைத்திருக்கிறார். ஒன்று அச்சடித்த பதிவேடு; காலிகோ அட்டை, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டது. அது நிரந்தரப் பணியாளர்களுக்கு. இன்னொன்று பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நீள நோட்டு. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அவரே கட்டம் கட்டியிருக்கிறார். அது ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு. முதல் நோட்டில் ஒரு பக்கம்கூட நிரம்புவதில்லை. இரண்டாவது நோட்டில் பக்கம் போதவில்லை. ஆனால் கையெழுத்து முடிந்து வெளியே வந்தால் இரண்டு நோட்டு ஆட்களும் ஒரே வாய்க்காலில்தான் இறங்குகிறார்கள். ஆனி மாதக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து வாய்க்காலை மூடிவிடும். அதை ஒரு பகலில் அள்ளி வைத்தால் மறுநாள் காலையில் பழையபடி மேடாகி இருக்கும். கடலோர ஊர்களில் துப்புரவு வேலையில் பாதி மணலோடு போராடுவதுதான்.

அன்றைக்கு இரண்டாவது நோட்டில் பெயர் இருந்த ஓர் அம்மா, கையெழுத்துப் போட்டுவிட்டு நகராமல் நின்றார். ஏப்ரல் சம்பளம் வரவில்லை. மே மாதமும் முடிந்துவிட்டது. ஊரடங்கு போட்ட புதிதில் இதே தெருவில்தான் அவருக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். சம்பளத்தை மேஸ்திரியிடம் கேட்டால், காண்ட்ராக்டரைக் கேள் என்கிறார். காண்ட்ராக்டர், ஆபீசில் பில் பாஸ் ஆகவில்லை என்கிறார். ஆபீசில், மேலே இருந்து ஃபண்டு வரவில்லை என்கிறார்கள். நான் மீன் வாங்கப் போனவன். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

“சார், நீங்க கணக்குல இருந்தவுக. நீங்களே சொல்லுங்க. இதுல நான் யாருகிட்டப் போயி கேக்குறது?”

உள்ளாட்சியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பட்ஜெட் தயாரிப்பில் கை வைத்தவன். ஆனாலும் அன்றைக்கு அந்த அம்மாவுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நெருக்கடிக் காலத்தில் ஊர் நிர்வாகத்தின் பணமும் ஊழியர் சங்கங்களும் எப்படி மோதுகின்றன என்பதைப் பற்றிப் பொதுவாக நிறையப் பேசுகிறார்கள். ‘சம்பளமே கஜானாவைத் தின்னுது’ என்பார்கள் ஒரு பக்கம். ‘சங்கம் இல்லேன்னா சோறு இல்லை’ என்பார்கள் இன்னொரு பக்கம். எனக்கு அந்த இரண்டையும்விட அந்த அம்மாவின் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. யாரிடம் கேட்பது?

கஜானாவுக்குப் பணம் வரும் வழி

இந்தக் கரையோர ஊர்களுக்கு வருமானம் மூன்று வாய்க்காலில் வருகிறது. முதலாவது, ஊரின் சொந்த வரி. அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம். தொழில் வரிக்கு அரசியல் சட்டமே ஓர் ஆண்டுக்கு ஒருவருக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறது. 1988ல் போட்ட வரம்பு இன்னும் மாறவில்லை. இரண்டாவது, ஏலமும் வாடகையும். மீன் மார்க்கெட், வண்டி நிறுத்துமிடம், கட்டணக் கழிப்பறை, பஸ் ஸ்டாண்டு கடைகள். கோயிலுக்கும் அமாவாசைக்கும் வருகிற கூட்டத்தை நம்பி ஏலம் எடுப்பவர்கள் இவர்கள். மூன்றாவது, மாநில நிதிக் குழுவின் பரிந்துரைப்படி வரும் பங்கு. தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாயில் நிகரமாக 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வந்து சேரும்போது குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் உள்ள பாக்கி, பழைய கடன் தவணை, ஓய்வூதியப் பங்கு என்று அங்கேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்புவார்கள்.

இதில் குடிநீர் தனிக் கதை. இங்கே நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. திருச்சிப் பக்கம் எடுக்கும் காவிரித் தண்ணீர் குழாயில் இவ்வளவு தூரம் வருகிறது. அதற்கு வாரியத்துக்கு லிட்டர் கணக்கில் காசு கட்ட வேண்டும்; வீட்டுக்காரரிடம் அந்த அளவுக்கு வசூல் பண்ண முடியாது. நெருக்கடி வராத ஆண்டிலேயே குடிநீர்க் கணக்கு இடிக்கும்.

இப்போது 2020ன் நாட்காட்டியைப் பார்ப்போம். நகராட்சிக்கு மார்ச் மாதம் என்பது விவசாயிக்கு அறுப்பு மாதம் மாதிரி. நிலுவை வைத்திருப்பவர்கள் எல்லாம் கடைசி வாரத்தில்தான் அசைவார்கள். பில் கலெக்டர்கள் ஞாயிற்றுக்கிழமையும் அலைவார்கள், கவுண்டர் இரவு வரை திறந்திருக்கும். அந்தக் கடைசி வாரத்தில், மார்ச் 25ல், ஊரடங்கு. சொத்து வரி கட்டும் கெடுவையும் அரசு தள்ளி வைத்தது. ஏப்ரல் 15ல் மீன்பிடித் தடைக்காலம். வழக்கமாக 61 நாள். அந்த ஆண்டு ஊரடங்கால் ஏற்கெனவே படகுகள் கரையில் கிடந்தன என்பதால் 47 நாளாகக் குறைத்தார்கள். பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 வரை திறக்கவில்லை. ராமேசுவரத்தில் கோயில் திறந்த பிறகும் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடப் பல மாதம் விடவில்லை. யாத்திரைக்காரர் இல்லை, மீன் இல்லை, வண்டி இல்லை. ஏலம் எடுத்தவர்கள் தள்ளுபடி கேட்டு மனுவோடு நின்றார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். ஆளே இல்லாத கழிப்பறைக்குக் குத்தகைப் பணத்தை எங்கிருந்து கட்டுவது?

செலவு மட்டும் குறையவில்லை. பிளீச்சிங் பவுடர், கிருமிநாசினித் தெளிப்பான், முகக்கவசம், கூடுதல் ஆள் என்று ஏறியது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது நகராட்சியில் கவுன்சிலர்களே கிடையாது. 2011ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ல். நடுவில் ஐந்து ஆண்டுக்கும் மேல் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய நிதிக் குழு மானியத்தையும் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கு நிறுத்தி வைத்தார்கள். ஆக, இரண்டு அடி. மானியமும் போச்சு, கேள்வி கேட்க வார்டு மெம்பரும் இல்லை. கவுன்சில் இருந்த காலத்தில் சம்பளம் தாமதமானால் யாராவது ஒரு மெம்பர் மேசையைத் தட்டுவார். அது நாடகமாகவே இருந்தாலும் மறுநாள் பேப்பரில் வரும், பில் நகரும். 2020ல் அதுவும் இல்லை.

முதல் நோட்டுக்காரர்களின் கணக்கு

நிரந்தரப் பணியாளர்களுக்கு என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். அவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மாதச் சம்பளம் தவறாமல் வந்தது உண்மைதான். வெட்டு வேறு வழியில் வந்தது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது. சில நாளில் தமிழ்நாடும் அதே வழியில் போனது. ஆண்டுக்கு 15 நாள் ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் வாங்கும் சலுகையும் ஓராண்டுக்கு என்று சொல்லி நிறுத்தப்பட்டது. அந்த ஓராண்டு நீண்டுகொண்டே போய், 2025 அக்டோபர் 1ல்தான் திரும்ப வந்தது. ஓய்வு வயது 58ல் இருந்து 59 ஆனது, பிறகு 60. ஓய்வூதியப் பலன்களை உடனே கொடுக்க வேண்டிய சுமை தள்ளிப்போனது. வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் போனது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் இப்போதைய ஊதிய அட்டவணையில் கடைசிப் படி 15,700 ரூபாயில் ஆரம்பிக்கிறது. அந்தப் படியில் ஒரு பணியாளர் இருக்கிறார், இன்கிரிமெண்டைக் கணக்கில் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அகவிலைப்படி 17 சதவீதத்தில் நின்றது. நிற்காமல் இருந்திருந்தால் 2020 ஜனவரியில் 21, ஜூலையில் 24, 2021 ஜனவரியில் 28 ஆகியிருக்கும். மாதம் 628 ரூபாய் வீதம் ஆறு மாதம், 1,099 வீதம் ஆறு மாதம், 1,727 வீதம் ஆறு மாதம். மொத்தம் 20,724 ரூபாய். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையில் இருந்து 31 சதவீதமாகத் திரும்பக் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில்தான் என்று முதலில் சொன்னார்கள், பிறகு 2022 ஜனவரிக்கு முன்னே கொண்டுவந்தார்கள். அந்த இடைப்பட்ட ஆறு மாதத்துக்கு மாதம் 2,198 வீதம் 13,188. கூட்டினால் 33,912 ரூபாய். வாய்க்காலில் இறங்குகிறவரின் வீட்டில் அது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு. சங்கங்கள் இதைக் கேட்டதில் தப்பில்லை.

ஆனால் இந்த வெட்டை முடிவு செய்தது யார்? கோட்டையில் நிதித்துறை. கட்டுவது யார்? நகராட்சியின் பொது நிதி. அகவிலைப்படி ஏறினாலும் இறங்கினாலும் நகராட்சி ஆணையர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் சங்கத் தலைவர் ஆணையர் அறைக்குப் போய் அகவிலைப்படிக்கு மனு கொடுத்தார். ஆணையர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, “நானும் உங்கள மாதிரி சம்பளக்காரன்தான்ணே, எனக்கும்தான் நிறுத்திட்டாங்க” என்றாராம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அரசு தன் பக்கத்தில் என்ன சொன்னது? வருவாய் விழுந்துவிட்டது, ஜிஎஸ்டி இழப்பீட்டை மத்திய அரசு தரவில்லை என்றது. 2020 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அந்த வருவாய் இழப்புக்குக் காரணமான கொரோனாவைக் கடவுளின் செயல் என்றார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் 2020-21ன் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி என்று இருந்தது. குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்கிட்டிருந்தார்கள். அந்த எண் இங்கே டீக்கடை வரை வந்து சேர்ந்தது. “என் பேர்ல யாருப்பா இவ்வளவு கடன் வாங்குனது” என்று வலைக்காரர் ஒருவர் கேட்டது நினைவிருக்கிறது. மேஸ்திரியில் தொடங்கினால் ஆணையர், கோட்டை, டெல்லி, கடைசியில் கடவுள் வரை போகிறது வரிசை.

இரண்டாவது நோட்டு

ஒப்பந்தப் பணியாளருக்கு அகவிலைப்படியும் இல்லை, அதை நிறுத்துவதும் இல்லை. அவருக்கு ஒரே வெட்டுதான்: சம்பளமே தாமதம்.

இது ஏன் என்று கணக்குப் புத்தகத்தில் பார்த்தால்தான் புரியும். நிரந்தர ஊழியரின் சம்பளம் பட்ஜெட்டில் சம்பளம் என்ற தலைப்பில் நிற்கும். மாதம் பிறந்தால் முதலில் கழியும் செலவு அது. ஒப்பந்தக்காரரின் பில் திடக்கழிவு மேலாண்மைச் செலவு என்று பராமரிப்புத் தலைப்பில் போகும். அதே தலைப்பில்தான் லாரி டயர், டீசல், தெரு விளக்கு சாமான் பில் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. பணம் குறைவாக இருக்கும் மாதத்தில் ஆணையர் என்ன செய்வார்? சம்பளத்தைப் போட்டுவிட்டு, மிச்சத்தில் அவசரமான பில்லை எடுப்பார். டீசல் போடவில்லை என்றால் லாரி நின்றுவிடும், ஊர் நாறும். ஒப்பந்த ஆட்கள் சம்பளம் வராவிட்டாலும் இன்னும் இரண்டு வாரம் வருவார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் தேவையில்லை. புத்தகம் அப்படிக் கோடு போட்டிருக்கிறது. என் கையாலேயே அந்தத் தலைப்புகளில் எத்தனையோ பில்லை எழுதியிருக்கிறேன். லாரி டயருக்கும் ஓர் ஆளின் கூலிக்கும் ஒரே குறியீட்டு எண் போடுகிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

இதற்கு மேலே இன்னொரு கோடும் இருக்கிறது. பதினைந்தாவது நிதிக் குழு உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் ஒரு பெரும் பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. கட்டுப்படாத பகுதியை ஊரின் தேவைக்கு எதற்கும் செலவழிக்கலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தவிர. அதாவது ஊரைப் பெருக்குவது சுகாதாரம். பெருக்குகிறவரை நிரந்தரமாக வைத்தால் சம்பளம். அதே துடைப்பம் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தால் சேவை. எந்த ஆணையராக இருந்தாலும், எந்தக் கட்சி ஆண்டாலும், இந்தக் கோடுகள் இருக்கும்வரை பேனா ஒப்பந்தத்தின் பக்கமே சாயும். ஆட்களைக் குறை சொல்லி இதில் பிரயோசனம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 1981ல் வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்கச் சொல்கிறது. அதே சமயம், ஒப்பந்தத் தொழிலாளரைத் தானாக நிரந்தரமாக்க வேண்டியதில்லை என்று 2001ல் உச்ச நீதிமன்றம் எஃகு ஆலை வழக்கில் சொன்னது. முறைப்படி தேர்வாகாத தற்காலிகப் பணியாளரை நிரந்தரமாக்க முடியாது என்று 2006ல் உமாதேவி வழக்கில் சொன்னது. 480 நாளை எண்ணிக் காட்ட வேண்டும் என்றால் மஸ்டர் வேண்டும். மஸ்டர் எது? மேஸ்திரி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அந்த நீள நோட்டு. ஒப்பந்தக்காரர் மாறும்போது அதுவும் மாறிவிடும். பழையது எங்கே போகிறது என்று நான் கேட்டபோது மேஸ்திரி சிரித்தார். “மழைக்காலத்துல அடுப்புப் பத்தவைக்க ஆகும்ணே.”

நிரந்தர ஊழியர் சங்கம் இதில் என்ன செய்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அகவிலைப்படிக்குக் கறுப்பு பேட்ஜ் குத்தினார்கள், முழக்கம் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் ஆட்களின் இரண்டு மாதக் கூலி பற்றி மனுவில் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. பழைய சங்கக்காரர் ஒருவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்: “அவுகளுக்கும் சேத்துக் கேட்டா, ரெண்டுக்கும் சேத்து இல்லைன்னுருவாங்கண்ணே.” இது கல்நெஞ்சில்லை, 2003ன் பயம்.

2003

அந்தப் பயத்தை இளைய வயதுக்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். 2003ல் தமிழ்நாடு அரசு பண நெருக்கடியைக் காரணம் காட்டி ஓய்வூதியப் பலன், விடுப்பு ஒப்படைப்பு போன்றவற்றில் கை வைத்தது. ஜூலை 2ல் வேலைநிறுத்தம். அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் எஸ்மா சட்டத்துக்கு அவசரத் திருத்தம் வந்தது. ஏறக்குறைய 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் 6ல் வந்த தீர்ப்பில், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானோர் திரும்பினார்கள். நாங்கள் உள்ளாட்சி ஊழியர்கள், எங்கள் வேலை போகவில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வாத்தியார், நல்ல கையெழுத்துக்காரர், அந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்ததைப் பார்த்தேன். ஐந்தாவது தடவை அவர் மனைவி எழுதினார், வாத்தியார் கையெழுத்து மட்டும் போட்டார்.

அதே 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் போய், பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்தம். இதை ரத்து செய்யச் சொல்லி 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ வேலைநிறுத்தம் நடத்தியது. அந்தப் பணம் எங்கே போனது? மற்ற பல மாநிலங்களைப் போலத் தமிழ்நாடு அதைத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கவில்லை. அரசே தன் கையில் வைத்துக்கொண்டது. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தூரமாகப் போய் வருவோம்.

நியூயார்க், 1975

நகர பட்ஜெட்டும் ஊழியர் சங்கமும் என்று பேச்செடுத்தால் உலகத்தில் எல்லாரும் சுட்டும் ஊர் நியூயார்க். 1975ல் அந்த நகரத்தின் கடன் சுமார் 1,400 கோடி டாலர். அதில் கிட்டத்தட்ட 600 கோடி குறுகிய காலக் கடன். கைமாற்று வாங்கி அன்றாடச் செலவை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வசந்த காலத்தில் வங்கிகள் கையை விரித்தன. மேயர் ஏப் பீம் கணக்காளராக இருந்து வந்தவர். அதற்கு முன் நகரத்தின் கணக்கு அதிகாரியும் அவரேதான். கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஜூலை 1ல் ஆயிரக்கணக்கில் போலீஸ், தீயணைப்பு, துப்புரவுப் பணியாளர்கள் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். துப்புரவுப் பணியாளர்கள் சங்கத்தைக் கேட்காமலே வேலையை நிறுத்தினார்கள். கோடை வெயிலில் குப்பை மலையானது. போலீஸ் சங்கமும் தீயணைப்புச் சங்கமும் மண்டை ஓடு படம் போட்ட துண்டறிக்கையை, ‘பயங்கர நகரத்துக்கு வரவேற்கிறோம்’ என்று, வெளியூர்க்காரர்களுக்கு அச்சடித்தன. சங்கத்துக்கு இதைவிட மோசமான விளம்பரம் கிடையாது என்பது என் எண்ணம். ஊர் ஜனத்தை மிரட்டினால் ஊர் ஜனம் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். மாநில அரசு ஒரு கடன் கழகத்தையும், செப்டம்பரில் ஒரு நிதிக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் மேலே உட்கார வைத்தது. சம்பள ஒப்பந்தத்தில் இனி மேயர் கையெழுத்து மட்டும் போதாது.

அக்டோபர் 17. அன்றைக்கு 45.3 கோடி டாலர் கடன் முதிர்கிறது. நகரத்தின் கையில் 3.4 கோடி. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வாங்கினால்தான் அன்று தப்பலாம். ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் முதலில் முடியாது என்றார். ஓய்வுக் காலப் பணத்தை ஓட்டாண்டியான நகரத்தில் போடுவதா? திவால் அறிக்கையைத் தயாராக எழுதி வைத்துவிட்டார்கள். பிற்பகலில் ஷாங்கர் இறங்கி வந்தார், நகரம் தப்பியது. நவம்பரில் மற்ற ஊழியர் ஓய்வூதிய நிதிகளும் சேர்ந்து மேலும் 250 கோடி டாலருக்குப் பத்திரம் வாங்க ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகே அதிபர் ஃபோர்டு மத்திய அரசுக் கடனுக்கு இறங்கினார்.

சங்கங்கள் சும்மா கொடுக்கவில்லை. நகரம் திவாலாகி நீதிமன்றத்துக்குப் போனால் ஒப்பந்தமும் ஓய்வூதியமும் நீதிபதி கையில் போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் வீண் இல்லை என்பதை 2013ல் டெட்ராய்ட் காட்டியது. சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு அந்த நகரம் திவால் மனு போட்டது; தீர்வு வந்தபோது பொது ஓய்வூதியர்களுக்கு 4.5 சதவீதம் வெட்டு, விலைவாசிப்படி உயர்வும் போச்சு. நியூயார்க்கில் சங்கம் அந்த மேசையில் இடம் பிடித்தது. ஊதிய உயர்வைத் தள்ளிவைக்கச் சம்மதித்தது, ஆட்குறைப்பைப் பெருமளவு தடுக்க முடியவில்லை, ஆனால் ஓய்வூதியம் நின்றது. பாக்கி விலையை ஊர் கட்டியது. ரயில் கட்டணம் 35 சென்டில் இருந்து 50 ஆனது. 1847ல் இருந்து கட்டணமில்லாமல் நடந்த நகரப் பல்கலைக்கழகத்தில் 1976ல் கட்டணம் வந்தது. அதில் படித்தது யார்? அந்தத் துப்புரவுப் பணியாளர்களின் பிள்ளைகளும்தான்.

நியூயார்க்கில் சங்கத்துக்குக் கிடைத்த நாற்காலி கோஷத்தால் கிடைத்ததில்லை. ஓய்வூதிய நிதியின் அறங்காவலர் குழுவில் அவர்களுக்கு ஓட்டு இருந்தது. பெட்டியின் ஒரு சாவி அவர்கள் மடியில் இருந்தது. நம் ஊரில் பங்களிப்பு ஓய்வூதியப் பணம் அரசின் கையில் இருந்தது. அதை எதில் போடுவது என்று கேட்க ஊழியருக்கு ஓட்டு இருக்கவில்லை. நெருக்கடியில் அரசு சங்கத்தைக் கூப்பிட்டுப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை, ஓர் ஆணை போதும். போராட்டக் குணம் இங்கே குறைவு என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2003ல் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வேலையைப் பணயம் வைத்தார்கள். அதைவிட என்ன குணம் வேண்டும்?

அதற்குப் பிறகு

2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து கவுன்சில் வந்தது. ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. மானியம் வேண்டும் என்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும் என்று பதினைந்தாவது நிதிக் குழு நிபந்தனை போட்டிருந்தது. 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். புது மெம்பர்கள் பதவி ஏற்ற ஈரம் காயவில்லை, ஜனங்கள் வாசலில் வந்து நின்றார்கள். வரியை ஏற்றியது அவர்கள் இல்லை. ஏச்சு வாங்கியது அவர்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த அரசாணை 152 சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் பணியிடங்களை மாற்றியமைத்து, அடிமட்ட வேலைகள் பலவற்றை வெளிமுகமைக்கு, அதாவது ஒப்பந்தத்துக்கு, விட வழி செய்தது. சங்கங்கள் எதிர்த்தன. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அங்கேயும் கேட்டது இரண்டாவது நோட்டுக்காரர்கள்தான்.

எங்கள் ஊர் அம்மாவுக்கு 2020 ஏப்ரல் சம்பளம் ஜூலையில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஒப்பந்தக்காரர்கள் மாறிவிட்டார்கள். அவர் அதே வாய்க்காலில்தான் இருக்கிறார். ஆடி அமாவாசைக்கு மறுநாள் கரையில் நனைந்து கிடக்கும் சேலையும் வேட்டியும் அள்ளும் வேலையும் அவருக்கே. தலை முழுகியவர்கள் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மணலும் உப்புத் தண்ணீரும் ஏறிய சேலை ஒன்றைத் தூக்கிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

போன மாதம் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே மூன்று ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த மூன்று சீட்டுகள். மூன்றிலும் பி.எஃப். பிடித்தம் என்று எழுதியிருக்கிறது. முதல் ஆளின் காலத்தில் பிடித்தது கணக்கில் ஏறவில்லை. சங்கத்துக்குப் போனாயா என்றேன். இப்போது இருக்கும் செயலாளர் கொஞ்சம் வேறு மாதிரி, முன்னாள் லாரி டிரைவர். அவர்தான் என்னிடம் அனுப்பியிருக்கிறார். மூவரும் உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி எழுதினோம். எந்தத் தலைப்பில் இந்தக் கூலி வழங்கப்பட்டது, ஒப்பந்தக்காரர் பில்லோடு பி.எஃப். செலுத்திய ரசீது இணைத்திருந்தாரா, அந்த ஆண்டுகளின் மஸ்டர் நகல் தர முடியுமா. பட்ஜெட்டின் எந்தப் பக்கத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதையும் குறிப்பிட்டேன்.

பதில் வந்திருக்கிறது. முதல் கேள்விக்குப் பராமரிப்புத் தலைப்பின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும், இத்தகவல் ஒப்பந்தக்காரரிடம் உள்ளது, இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை என்று ஒரே வரி. பில்லோடு ரசீது இணைக்காமல் பாஸ் பண்ணியிருக்க முடியாது. நான் இருந்த காலத்தில் இணைக்காத பில்லைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது. மனுவை எழுதி வைத்துவிட்டேன். அந்த அம்மாவின் கையெழுத்து வேண்டும். அவர் இரண்டாவது ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு மேல்தான் வருவார்.